பெறாத மாராயம்

தொல்காப்பியப் புறத்திணையியலைப் பாடஞ் சொல்லி வருகையில், வஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகிய 'மாராயம் பெற்ற நெடுமொழி' வந்தது. மாராயமாவது வேந்தனாற் பெறுஞ் சிறப்பு. ஏனாதி, காவிதி முதலிய பட்டங்களை அதற்கு உதாரணமாகக் காட்டுவர் உரைகாரர். அச்சிறப்பைப் பெற்ற மறவனது பெருமை தோன்றக் கூறுஞ் சொல் நெடுமொழி. அதனை அவன் தானே கூறினும் அமையும். பிறர் கூறினும் அமையும். தன்னைத்தான் புகழ்தல் தகுதியன்று என்னுங் கொள்கையுடைய நம் முன்னோர், களத்திலே நின்று உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அதனையும் ஓர் உரிமையாக அளித்து, இலக்கணத்தில் இடமும் ஒதுக்கி வைத்தனர்.

பின்வரிசையிலிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்தான். "ஐயா, மாராயம் பெறாதவன் நெடுமொழி கூறினால் அஃது எந்தத் துறை?" என்றான். வகுப்பிற் சிரிப்பொலி எழுந்தது. "அது துறையன்று தம்பி, வழு" என்று கூறி அப்போதைக்குத் தப்பினேன். அவன் விட்டானல்லன். "அப்படியானால் அவனை வேந்தன் என் செய்வான்?" என்றான். நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது.

அவ்வினாவுக்குத் தொல்காப்பியத்தில் விடை தேடுதல் வீண். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அதே வினா ஒரு வழக்காக மூண்டு, கீழ் மன்றிலிருந்து மேல் மன்றுக்கு ஏறி, 2012ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி அந்நாட்டு உயர் நீதிமன்றத்தில் முடிவெய்தியது. அம்முடிவை வாசித்தபோது, பின்வரிசைப் பையன் கேட்ட வினா எத்துணைக் கடினமானது என்பது எனக்குப் புலனாயிற்று.

கலிபோர்ணியா மாநிலத்திலே மூன்று பள்ளத்தாக்கு நீர் வழங்கற் சபை என ஒன்றுண்டு. குடிநீர் வழங்குவது அதன் தொழில். வீரத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. 2007ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அச்சபையின் புதிய உறுப்பினராகிய சேவியர் அல்வாரெஸ் என்பார், கூட்டமொன்றில் எழுந்து தம்மை அறிமுகஞ் செய்தார். தாம் 25 ஆண்டு கடற்காலாட்படையிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்றார். 1987இல் நாட்டின் கௌரவப் பதக்கம் தமக்கு அளிக்கப்பட்டது என்றார். பலமுறை புண்பட்டதாகவும், அப்புண்கள் அனைத்தையும் உண்டாக்கியவன் ஒரே பகைவன் என்றும் கூறினார். ஒரே பகைவன் திரும்பத் திரும்ப வந்து இவரையே தேடிப் புண்படுத்தினான் என்பது, நம் பரணிப் புலவரும் எட்டாத கற்பனை.

அவர் ஒருநாளேனும் படையிற் சேர்ந்தவரல்லர். பதக்கமும் பெற்றிலர். முன்னரும், தாம் புகழ்வாய்ந்த ஹொக்கிக் குழுவொன்றில் ஆடியவர் என்றும், மெக்சிக்கோ நாட்டு நடிகை ஒருத்தியை மணந்தவர் என்றும் சொல்லித் திரிந்தவர் அவர் என உயர் நீதிமன்றத் தீர்ப்பே குறித்திருக்கின்றது. அப்பொய்களுக்காக எவரும் அவரை மன்றில் நிறுத்தவில்லை. கௌரவப் பதக்கப் பொய் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

அப்பதக்கம் எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1861இற் கடற்படைக்கும் 1862இல் தரைப்படைக்குமாக அது வகுக்கப்பட்டது. இன்றுவரை ஏறத்தாழ 3,500 பேரே அதனைப் பெற்றனர். அவருள் பலர், அது தமக்கு வழங்கப்பட்டதை அறியாமலே மாண்டவர். அதனை அணிந்தவர் கடைநிலைச் சிப்பாயாயினும், படைத்தலைவர் முந்திக்கொண்டு வணக்கஞ் செலுத்தும் வழக்கம் அங்குண்டு. நம்முடைய நடுகல்லுக்கு அடுத்த படியில் வைத்தெண்ணத் தக்க சிறப்பு எனலாம். அத்தகைய சிறப்பை ஒருவர் நீர் வழங்கற் சபையிலே தம் பெயருக்கு முன் ஒட்டிக்கொண்டார்.

உரிமையின்றிப் பதக்கம் அணிதல் அந்நாட்டில் 1923ஆம் ஆண்டு தொட்டே குற்றமாக இருந்தது. எனினும், அணியாமல் வாயாற் சொல்வதைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. வியட்நாம் போரின் பின்னர்ப் போலி வீரர் தொகை பெருகிற்று. ரெக்சாஸ் மாநிலத்துப் பங்குத் தரகரும், வியட்நாமிற் பணிபுரிந்தவருமாகிய பேர்க்கெற் என்பவர், தகவல் அறியுஞ் சட்டத்தைக் கருவியாகக் கொண்டு, வீரரென மேடையேறியோரின் படைப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பெற்று ஒப்பிட்டார். 1998இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழிற் கூறின் 'களவாடிய வீரம்' என்றாகும். பின்னர், பமெலா ஸ்ரேணர் என்னும் பெண்மணி கல்லூரியில் தம் பாடத்துக்காக எழுதிய கட்டுரையொன்றில், வாய்ப்பொய்யையுந் தண்டிக்கும் சட்டம் வேண்டுமென வாதித்தார். அக்கட்டுரையே சட்டத்துக்கு வித்தாயிற்று. மாணவர் கட்டுரைகளைத் திருத்திக் கட்டி வைத்துப் பின் பழைய தாட்காரனுக்குப் போடும் நம்போலியர் இதனைக் கவனித்தல் நன்று. 'களவாடிய வீரச் சட்டம்' என்ற அதே பெயரில், 2005ஆம் ஆண்டுக்குரியதாகக் கொணரப்பட்ட சட்டமூலத்தில் 2006 டிசெம்பர் 20ஆந் திகதி சனாதிபதி ஜோர்ஜ் புஷ் ஒப்பமிட்டார். பதக்கம் பெற்றதாகப் பொய் கூறுவோனுக்கு ஆறு மாதச் சிறை. கௌரவப் பதக்கமாயின் ஓராண்டு.

அல்வாரெஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆயினும், இச்சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வுமா என்னும் வினாவை மேன்முறையீட்டுக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டார். 5,000 டொலர் தண்டமும், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 416 மணி நேரச் சமூகப் பணியும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டு மன்று அத்தீர்ப்பை மாற்றியது. அரசாங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது.

அரசாங்கத்தின் பக்கம் வலுவில்லாமல் இல்லை. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் சாமுவேல் அலிற்றோ காட்டிய கணக்குகள் திடுக்கிட வைப்பன. வேர்ஜீனியா மாநிலத்தில் ஒரே ஆண்டில் 600 பேருக்கு மேற்பட்டோர் கௌரவப் பதக்கம் பெற்றதாகப் பொய் கூறினர். நாட்டுப் பிரமுகர் விபரத்திரட்டு ஒன்றில் உயர் பதக்கம் பெற்றோரெனப் பெயர் பதிந்திருந்த 333 பேருள் மூன்றிலொரு பங்கினரின் கூற்றுக்கு ஆதாரமில்லை. கள்ளச் சரக்கின்மேல் நல்ல வணிகனின் முத்திரையைக் குத்தினால் அவ்வணிகன் கெடுதல் போல, போலிகள் பெருகின் மெய்ப்பதக்கத்தின் மதிப்பும் மெல்ல மெல்லத் தேயும் என்பது அவர் வாதம். இத்தகைய பொய்யால் எவருக்கும் ஒரு நன்மையுமில்லை. இதனைத் தடுப்பதால் எந்த உண்மையும் வாய்மூடப்போவதில்லை என்றார். இருவர் அவரோடு உடன்பட்டனர்.

ஆறு நீதியரசர் மறுபக்கம் நின்றனர். அவருள் நால்வர் சார்பில் எழுதிய அன்ரனி கெனடி, அல்வாரெஸின் பேச்சு இழிந்தது என்பதை மறைக்கவில்லை. அது பொய்யென்றே எடுத்த எடுப்பிற் கூறினார். அவர் அஞ்சியது வேறொன்றற்கு. ஒருவன் கூறியது பொய் என்னும் அக்காரணம் ஒன்றே அவனைத் தண்டிக்கப் போதும் என்று மன்று ஒப்புமாயின், இன்று பதக்கம், நாளை வேறொன்று என அரசாங்கம் தண்டிக்கத் தக்க பொய்களின் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். எது மெய், எது பொய் எனத் தீர்க்கும் அமைச்சொன்றைக் கற்பனை செய்து எழுதிய ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலை அவர் நினைவூட்டினார். பொய்ச் சொல்லுக்கு மருந்து மெய்ச் சொல்லே என்றார்.

ஸ்ரீபன் பிறேயரும் எலேனா கேகனும் வேறு வழியால் அதே முடிவுக்கு வந்தனர். பிறேயரின் வாதம் நம்மவர்க்கு நெருக்கமானது. மனிதர் கூறும் பொய்களில் நோயாளிக்கு ஆறுதலளிப்பன உள; குழந்தையின் பேதைமையைக் காப்பன உள; கூட்டத்தின் பீதியைத் தணிப்பன உள. ஆதலின் பொய்யைப் பொய் என்பதற்காக அன்றி, அது விளைக்குந் தீங்கை நோக்கியே தண்டித்தல் வேண்டும். தீங்கு விளைத்த பொய்யை மாத்திரம் பிடிக்கும் குறுகிய சட்டமொன்றை இயற்றின் அது நிற்கக்கூடும் என்பது அவர் கருத்து. வாய்மை என்னும் அதிகாரத்தின் முதலிரு குறள்களையும் ஓதிய மாணாக்கனுக்கு இது புதிதன்று. வாய்மைக்கு இலக்கணங் கூறவந்த வள்ளுவர், 'உள்ளது கூறல்' என்று முடித்துவிடாமல் தீங்கின்மையை அங்கே வைத்தது ஏன் என்று பரிமேலழகருரையோடு மல்லாடியவர் நாம் அனைவரும்.

எனினும் யான் ஒன்றை ஒளிக்கலாகாது. தீர்ப்பை முதன்முறை வாசித்தபோது என் மனம் அலிற்றோவின் பக்கமே சாய்ந்தது. புறநானூறு கற்பிக்கும் ஒருவனுக்கு அது இயல்பு. விழுப்புண் படாத நாளெல்லாம் வீணாய்க் கழிந்த நாள் என எண்ணுபவன் நம் மறவன். அப்புண்ணைப் பொய்யாகப் பூசிக்கொண்டவனை விட்டுவிடுவதா? என்னை மாற்றியது, சில ஆண்டுகளின் முன் எனக்கே நேர்ந்த ஒரு சம்பவத்தின் நினைவு. ஓர் ஊரில் இலக்கிய விழா. தலைமை வகித்தவர் என்னைக் 'கலாநிதி' என்று அறிமுகஞ் செய்தார். யான் பண்டிதப் பரீட்சையிற் தேறியவன். கலாநிதிப் பட்டத்துக்கும் எனக்கும் வெகுதூரம். எழுந்து திருத்தியிருக்கலாம். மாலை கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது, கைதட்டும் ஒலித்தது. திருத்தாமலே பேசி முடித்து வீடு திரும்பினேன். பிறர் கூறிய நெடுமொழிதான். எனினும் அதனை யான் ஏற்றுக்கொண்டேன். அவ்வூரவர் சிலர் இன்றுங் கடிதத்தில் அப்பட்டத்தோடு என் பெயரை எழுதுகின்றனர். அதற்காக எனக்குச் சிறை தகுமா என்று கேட்டால், தகாது என்றே சொல்வேன். அதில் என் நலமும் அடங்கியிருக்கிறது என்பதையும் வாசகர் கருத்திற் கொள்க. ஆனால் அப்பட்டத்தைக் காட்டி யான் ஒரு பதவியையோ பணத்தையோ பெற்றிருந்தால்?

அவ்வினாவின்மேலேயே புதிய சட்டம் எழுந்தது. 2013 யூன் 3ஆந் திகதி சனாதிபதி ஒபாமா ஒப்பமிட்ட சட்டம், பணமோ பொருளோ கைக்கெட்டும் வேறு பயனோ பெறுங் கருத்தோடு பதக்கப் பொய் கூறுவோனை மாத்திரம் தண்டிக்கின்றது. வெறும் பெருமைக்காகப் புளுகுவோனை ஊரவர் நகைப்புக்கு விட்டுவிடுகின்றது. பெருமைக்கும் பயனுக்கும் இடையே கோடு கிழிப்பது சட்டத்தரணிகள் எண்ணுமளவு எளிதன்று. ரெக்சாஸ் மாநிலத்தில் வோல்ற்றர் வில்லியம்ஸ் என்னும் முதியவர் இருந்தார். பொருளாதார மந்தக் காலத்தில், தாம் உள்நாட்டுப் போரிலே தென்னவர் பக்கம் நின்று போராடியவர் எனக் கூறி ஓய்வூதியம் பெறத் தொடங்கினார். அவர் வயது ஏற ஏற, உயிரோடிருந்த உண்மை வீரர் ஒவ்வொருவராக மறைய, கடைசியில் அப்போரின் இறுதி வீரர் என்னும் மகுடம் அவர் தலையில் வந்தமர்ந்தது. 1959இற் பத்திரிகையாளர் ஒருவர் பழைய குடிக்கணக்கைப் புரட்டினார். போர் தொடங்குமுன் எடுத்த 1860ஆம் ஆண்டுக் கணக்கில் வில்லியம்ஸ் ஐந்து வயதுக் குழந்தை. செய்தி வெளியாகிச் சில மாதங்களுள் முதியவர் இறந்தார். சனாதிபதி ஐசனோவர் நாடெங்குந் துக்கங் காக்குமாறு பணித்தார். வயிற்றுக்காகத் தொடங்கிய பொய் எப்பொழுது பெருமைக்கானதாக மாறிற்று? அதனை விரும்பியது அவர் மாத்திரமா, நாடுமா?

வாயாற் சொல்வது இங்ஙனமாக, மார்பில் அணிவது என்னவாயிற்று? அதிலும் ஒரு வழக்கு உண்டு. ஐடாகோ மாநிலத்தவர் ஒருவர் 2005இல் நீதிமன்றிலே சாட்சி கூற வந்தபோது, போரிற் புண்பட்டோர்க்கு வழங்கும் ஊதா இதயப் பதக்கத்தைச் சட்டையிற் குத்திக்கொண்டு கூண்டில் ஏறினார். அவர் படையிற் சேர்ந்தது கொரியப் போர் ஓய்ந்த மறு ஆண்டு. அவர் தண்டிக்கப்பட்டார். ஆயின் 2016இல் மேன்முறையீட்டு மன்று, பதக்கம் அணிந்த குற்றத்துக்கான தீர்ப்பை நீக்கியது. என்னை? பதக்கம் அணிதலும் ஒருவகைப் பேச்சே; வாயாற் சொல்லிய பொய்க்கு உள்ள காப்பு மார்பாற் சொல்லிய பொய்க்கும் உண்டு என்றனர். புறத்திணை கற்றோர் இதில் வியப்படையார். வெட்சி சூடினான் என்றால் ஆநிரை கவரச் செல்கிறான். கரந்தை சூடினான் என்றால் மீட்கச் செல்கிறான். நம் மறவர் வாய் திறக்குமுன் பூவே பேசிவிடும்.

இனி, மெய்ச் சொல்லே மருந்து என்றாரே கெனடி, அம்மெய்ச் சொல் எங்கே கிடைக்கும்? இதுதான் அத்தீர்ப்பில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம். பதக்கம் பெற்றோர் அனைவரின் பெயரையும் யாவரும் பார்க்கத் தக்க ஓர் ஏட்டில் அரசாங்கமே எழுதி வைக்கலாமே, எவன் பொய்யனென எவரும் ஒரு நொடியிற் காணலாமே என்றார் அவர். உலகின் பேரரசொன்று, தான் அளித்த மாராயங்களுக்குத் தன்னிடம் முழுக் கணக்கு வைத்திருக்கவில்லை என்பது அப்பொழுதுதான் பலர்க்குத் தெரிந்தது. கௌரவப் பதக்கத்துக்குப் பட்டியல் உண்டு, பிறவற்றுக்கு இல்லை. பழங்கணக்கைத் தொகுத்தல் இயலாது, 2001இன் பின் அளித்த சில உயர் பதக்கங்களுக்கே பட்டியல் தரமுடியும் எனப் பாதுகாப்புத் திணைக்களம் கூறியிருந்ததை அலிற்றோ எடுத்துக்காட்டினார்.

அதற்குக் காரணமும் உண்டு. மிசூரி மாநிலத்துச் சென். லூயிஸ் நகருக்கு அணித்தாயுள்ள தேசிய படையாளர் பதிவேட்டு நிலையத்தில் 1973 யூலை 12ஆந் திகதி தீ மூண்டது. ஆறாவது மாடியில் இருந்த ஒரு கோடியே 60 இலட்சத்துக்கும் ஒரு கோடியே 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட தொகையான கோவைகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியோர் பதிவுகளில் நூற்றுக்கு 80 பங்கு போயிற்று. படிகளும் இல்லை, அட்டவணையும் இல்லை. இரண்டு உலகப் போர்களையும் கொரியப் போரையுங் கண்ட மெய்வீரர் எத்துணையோ பேர், தாம் போரிட்டதை நிறுவத் தாளின்றி நின்றனர். பொய்யர்க்கோ, 'என் கோவை தீயில் வெந்துவிட்டது' என்னும் நல்ல சாட்டு வாய்த்தது. ஏடு எரிந்தால் எரிவது ஏடு மாத்திரமன்று என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே பாதுகாப்புத் திணைக்களம் இணையத்திலே பெயர்ப்பட்டியலைத் தொடங்கிற்று. 2001 செப்டெம்பர் 11இன் பின் கௌரவப் பதக்கம் பெற்றவர் பெயர்கள் முதலில் வந்தன. பின் அடுத்த நிலைப் பதக்கங்கள் சேர்ந்தன. சட்டத்தாற் செய்ய முயன்றதை ஏட்டாற் செய்ய முற்பட்டனர். நடுகல்லின் இயல்பும் இதுவே அன்றோ! பெயரையும் அவன் செய்த செயலையும் கல்லிற் பொறித்து வழியிலே நாட்டிவிட்டால், அவ்வழிச் செல்லும் எவனும் வாசிக்கலாம். அக்கல்லைக் கடந்து வந்து, 'அவன் யானே' என்று சொல்லுதல் எளிதன்று.

பிரித்தானியர் வேறு வழிச் சென்றனர். உரிமையற்ற பதக்கம் அணிதலை 1955ஆம் ஆண்டு இராணுவச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. 2006இல் ஆயுதப் படைகளுக்குப் புதிய சட்டம் இயற்றியபோது அப்பிரிவுக்கு ஈடாக ஒன்றும் வைத்திலர். 2016இல் தனி உறுப்பினர் ஒருவர் கொணர்ந்த சட்டமூலமும் நிறைவேறாமலே வீழ்ந்தது. அவ்வளவே.

சட்டத்தினுங் கடியது நாணம் என்பதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. அமெரிக்கக் கடற்படைத் தலைவராக இருந்த ஜெரமி பூர்டா, பதினாறு வயதில், வயதைக் கூட்டிச் சொல்லிப் படையிற் புகுந்தவர். கடைநிலை மாலுமியாய்ப் புகுந்து கடற்படையின் தலைமை வரை உயர்ந்த முதல்வர். வியட்நாம் போரில் அவர் பெற்ற இரு பதக்கங்களின் நாடாவிலே, நேருக்கு நேர் போரிட்டமைக்கு அறிகுறியான சிறிய 'வி' எழுத்துப் பொறியையும் அணிந்து வந்தார். அதற்கு அவருக்கு உரிமையுண்டா என்னும் ஐயம் எழவே, அதனைக் கழற்றிவிட்டார். 1996 மே 16ஆந் திகதி, அதைப்பற்றி வினவச் சஞ்சிகையாளர் வரவிருந்த வேளையிலே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போர்க் காலத்தில் கடற்படையை நடத்திய சும்வால்ட், பூர்டா அதனை அணிந்தது தகுதியே எனப் பின்னர் எழுதினார். பதிவுகளை ஆராய்ந்த குழுவினர் அதனை ஏற்றிலர். நகத்தளவு வெண்கலம், ஒருவர் உயிர். அவர் பொய்யரா, விதி தெளிவின்றி இருந்ததா என்று தீர்க்க நான் யார்?

விதி தெளிவின்றி இருந்தது என்றேன். இங்கேதான் என் மாணாக்கனின் வினா திரும்பி நின்று வேந்தனையே சுட்டுகின்றது. பெறாதவன் கூறினால் என்ன என்றான் அவன். பெறத் தகாதவனுக்கு வேந்தனே வாரி வழங்கினால்?

1863ஆம் ஆண்டு யூன் மாதம். தென்னவர் சேனை பென்சில்வேனியாவுக்குள் நுழைகின்றது. தலைநகர் வொஷிங்டனைக் காத்து நின்ற 27ஆவது மெயின் படைப்பிரிவின் ஒன்பது மாதத் தவணை முடிகின்றது. 'இன்னுஞ் சில நாள் நின்று காப்போர்க்குக் கௌரவப் பதக்கம்' என்று அரசாங்கம் வாக்களித்தது. ஏறத்தாழ 300 பேர் நின்றனர். எஞ்சியோர் ஊர் சென்றனர். நின்றவரும் சண்டை எதனையும் காணவில்லை. கெற்றிஸ்பேக்கில் வேறு படைகள் வெல்ல, இவரும் வீடு திரும்பினர். நின்றவர் யாவர் என்னும் பெயர்ப்பட்டியல் சீராக இல்லாமையால், படைப்பிரிவு முழுமைக்குமாக 864 பதக்கங்கள் வார்க்கப்பட்டு வந்து சேர்ந்தன. அதன் தளபதியாகிய வென்ற்வேத் நேர்மையாளர். நின்றோர்க்கு உரியவற்றை வழங்கிவிட்டு, எஞ்சியவற்றைத் தம் பண்டகசாலையிற் போட்டுப் பூட்டினார். இதுவரை வழங்கிய ஏறத்தாழ 3,500 பதக்கங்களோடு இந்த 864ஐ ஒப்பிட்டால் அதன் பருமன் விளங்கும். அல்வாரெஸ் ஒருவர் கூறிய பொய் எங்கே, இஃதெங்கே!

1916இல் கொங்கிரஸ் விழித்துக்கொண்டது. ஓய்வு பெற்ற ஐந்து தளபதிகளைக் கொண்ட குழுவொன்று, தாமும் அப்பதக்கம் பெற்றவராகிய நெல்சன் மைல்ஸ் தலைமையில் அமர்ந்து, தரைப்படை வழங்கியவை அனைத்தையும் ஆராய்ந்து, 1917இல் 911 பெயர்களை நீக்கியது. அந்த 864 பேரும் போயினர். லிங்கனின் பூதவுடலுக்குக் காவலாகச் சென்ற 29 பேரும் போயினர். படையிற் பதிவு பெறாத குடிமக்கள் சிலரும் போயினர். அவருள் 'பவலோ பில்' எனப் புகழ் பெற்ற வில்லியம் கோடி ஒருவர்; அவர் முந்திய மாதமே இறந்துவிட்டமையால் அச்செய்தி அவர் செவிக்கு எட்டவில்லை. மற்றொருவர் ஒரு பெண்மணி.

மேரி வோக்கர் மருத்துவக் கல்வி முற்றியவர். உள்நாட்டுப் போரில் வடவர் சேனையில் மருத்துவப் பதவி வேண்டினார். பெண் என்பதால் மறுத்தனர். கூலியின்றியும் பின் ஒப்பந்தத்தின் பேரிலும் காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்தார். 1864இற் பகைவர் கையில் அகப்பட்டு நான்கு மாதம் றிச்மண்ட் நகரச் சிறையிற் கிடந்தார். 1865 நவம்பரிற் சனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அவருக்குக் கௌரவப் பதக்கம் வழங்கினார். அன்று தொட்டு இன்றுவரை அதனைப் பெற்ற பெண் அவர் ஒருவரே. அவர் ஒப்பந்த மருத்துவர், படையின் உறுப்பினரல்லர் என்னுங் காரணத்தால் 1917இல் அவர் பெயர் வெட்டப்பட்டது. பெயர் நீங்கியோர் பதக்கத்தை அணிதலும் பலர் காணக் காட்டுதலும் குற்றம் என அச்சட்டமே விதித்திருந்தது.

அவருக்கு அப்பொழுது வயது 84. பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆடவர் உடையாகிய கறுப்புக் காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்து (அவ்வுடைக்காகவும் அவர் பன்முறை கைது செய்யப்பட்டவர்), அச்சட்டையிலே அப்பதக்கத்தைக் குத்திக்கொண்டு, 1919இல் இறக்கும்வரை தம் ஊரில் உலாவினார். சட்டத்தின்படி நோக்கின், பெறாத பதக்கத்தை அணிந்தோர் நிரையில் அவரும் நின்றார். 1977இல் அவர் பெயர் பட்டியலில் மீண்டும் எழுதப்பட்டது. 2023இல் வேர்ஜீனியாவிலுள்ள படைத்தளம் ஒன்றுக்கு அவர் பெயரை இட்டனர். 2025இல் அதனையும் நீக்கி, அதற்கு முன்னிருந்த பெயரே மீளுமாறு வேறு வீரர் மூவர் பெயரைக் காரணங் காட்டினர். இடையே 2024இல் அந்நாட்டு நாணயசாலை அவர் உருவம் பொறித்த கால் டொலர் நாணயமொன்றை வெளியிட்டது. அதில் அவர் தம் சத்திரசிகிச்சைக் கருவிப் பெட்டியை ஏந்தி நிற்கின்றார். சட்டையிலே பதக்கம் இருக்கின்றது. பக்கத்தில் அதே பதக்கம் பெரிதாக ஒருமுறை மீண்டும் பொறிக்கப்பட்டுள்ளது.